மல்லர் களமும் கூண்டரங்கும்

மல்லன் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் (630–668) மாமல்லன் என்ற பட்டம் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாடிழந்து தன்னிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குக் கப்பலும் படையும் கொடுத்து உதவியவனும் அவனேயாதலின், கடலோர மக்களாகிய எமக்கும் அம்மல்லனோடு ஒருவகைத் தொடர்பு உண்டு. அவனுக்கும் மிக முந்திய புறநானூற்றிலே, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடி வைத்தார். சோழனுடைய ஒரு கால் எதிரியின் மார்பிலும், மற்றக் கால் அவனுடைய சூழ்ச்சிகளைத் தடுத்து முதுகுப்புறத்திலும் இருந்த நிலையைப் புலவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார். மற்போரை அறிந்த கண் அது.

இவ்வளவு பழமை பேசும் நாம், இக்காலத்து மல்லர் எங்கே போகின்றனர் என்று மாத்திரம் கேட்பதில்லை. அவர்களுள் சிலர் கூண்டுக்குள் போகின்றனர்.

கலப்புத் தற்காப்புக் கலை என்று பத்திரிகைகள் எழுதும் எம்.எம்.ஏ. பந்தயத்தையே நாம் குறிப்பிடுகின்றோம். கம்பி வலையால் அல்லது தடுப்பால் சூழப்பட்ட அரங்கிலே இருவர் இறங்குவர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், மூட்டை முறுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். எமது மன்றத்து இளைஞர் மாலை வேளைகளிலே டச்சுக்குடாக் கடற்கரையில் இருந்து கைத்தொலைபேசியில் இதைப் பார்த்து ஆரவாரிப்பதைப் பெரியோர் அறிவர். அறிந்து முகஞ் சுளிப்பதையும் நாம் அறிவோம். "இது விளையாட்டா, மிருகச் சண்டையா?" என்பது அவர்கள் கேள்வி. "உண்மையான பலப்பரீட்சை இதுதான், மற்றவை வெறும் வேடிக்கை" என்பது இளைஞர் விடை. இவ்விரு கட்சியையும் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, புகழ்பெற்ற ஒரு மல்யுத்த வீராங்கனை அக்கூண்டுக்குள் சென்றபோது நிகழ்ந்ததை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிது போகாட் 1994ஆம் ஆண்டு மே மாதம் வட இந்தியாவின் ஹரியானா மாநிலத்துப் பலாலிக் கிராமத்திலே பிறந்தவர். தந்தை மகாவீர் சிங் போகாட், பெண்கள் மற்களத்தை மிதிக்கலாகாது என்றிருந்த ஊரிலே தம் புதல்வியரைக் களத்தில் இறக்கியவர். மூத்தவர் கீதா 2010இல் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டிலே தங்கம் வென்றார். மல்யுத்தத்தில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அக்குடும்பத்தின் கதை 2016இல் 'தங்கல்' என்ற இந்திப் படமாகவும் வந்தது. படத்தை எம்மவருள் பலர் பார்த்திருப்பர். படத்திலே முக்கியம் பெறாத தங்கைதான் ரிது.

இவர் சாதாரண மல்லர் அல்லர். 2016இல் சிங்கப்பூரிலே நடைபெற்ற பொதுநலவாய மல்யுத்த சம்பியன் போட்டியில் 48 கிலோ பிரிவிலே தங்கம் பெற்றார். 2017 நவம்பரில் போலந்து நாட்டிலே, 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். இந்தியாவின் தொழில்முறை மல்யுத்தக் குழுக்கள் வீரர்களை ஏலத்தில் எடுத்தபோது 36 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்டார். அடுத்து டோக்கியோ ஒலிம்பிக் என்று யாவரும் எண்ணியிருந்த வேளையில், 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, 24 வயதில், மல்யுத்தத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தார். அங்கே ஈவோல்வ் என்னும் பயிற்சிக் கூடத்திலே குத்தும் உதையும் முதற்பாடத்திலிருந்து கற்கத் தொடங்கினார். ஓர் ஏணியின் மேற்படியை விட்டிறங்கி மற்றோர் ஏணியின் அடிப்படியில் கால் வைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பரீட்சையிலே ஒரு பாடத்தை மாற்றுவதற்கே ஆறு மாதம் தயங்கும் எம்போன்றோர்க்கு அது விளங்கும்.

ஏன் சென்றார்? எம்.எம்.ஏ.யிலே இந்தியாவின் முதல் உலக சம்பியனாக வேண்டும் என்பது தம் அவா என்று அவர் பலமுறை கூறியுள்ளார். அதை நம்புவோம். ஆயினும் மல்லனுடைய வயிற்றுப்பாடும் நினைக்க வேண்டியதே. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை முதன் முதலாக 1952இல் எல்சிங்கியிலே பெற்றுக் கொடுத்த கசாபா யாதவ் என்ற மராத்திய மல்லர், மூன்றாண்டு கழித்துப் பொலிசிலே உபபரிசோதகராகச் சேர்ந்துதான் வாழ்க்கை நடத்தினார். இன்றும் பதக்கம் பெற்றவருக்குப் பொலிசும் றெயில்வேயும் கதவு திறக்கின்றன. பெறாதவருக்கு அக்கதவும் இல்லை. கூண்டரங்கிலோ இறங்குவதற்கே ஊதியம் உண்டு. இதைப் பேராசை என்று இகழ்வோர், பால், நெய், வாதுமைக்கு ஆகும் செலவை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இனி, மற்போருக்கும் கூண்டுப் போருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மல்யுத்தத்தின் முடிவு யாது? எதிரியின் இரு தோள்களையும் தரையிலே படிய வைப்பது. எனவே வீழ்ந்த மல்லன் முதுகைத் தரைக்குக் காட்டான். உடனே குப்புறப் புரண்டு வயிற்றை நிலத்தோடு ஒட்டிக் கிடப்பான். மேலே இருப்பவன் வெல்பவன், கீழே இருப்பவன் தோற்பவன் என்பது ஐயமற்ற விதி. மூட்டை முறிப்பதும் கழுத்தை நெரிப்பதும் சர்வதேச மல்யுத்தத்திலே விலக்கப்பட்டவை.

குப்புறக் கிடத்தல் எத்துணை வலிய அரண் என்பதற்கு இலண்டன் சாட்சி. 1910ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள், பஞ்சாப்பைச் சேர்ந்த காமா என்ற பெருமல்லர் போலந்து தேசத்து ஸ்பிஸ்கோவோடு அங்கே மோதினார். சிறிது நேரத்திலேயே காமாவின் வலி அறிந்த ஸ்பிஸ்கோ குப்புற விழுந்து ஆமைபோல் ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. போட்டி சமநிலையில் நின்றது. 17ஆம் நாள் மீண்டும் மோதக் குறித்த நேரத்திலே ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றி காமாவுக்கே அளிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு கழித்து, 1928இல் பாட்டியாலாவிலே மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை வீழ்த்திக் கணக்கை முடித்தார்.

இலண்டனில் ஸ்பிஸ்கோவைக் காத்த அந்நிலையை இன்றைய கூண்டிலே எடுத்தால் என்னாகும்? எதிரி முதுகில் ஏறிக் கால்களை இடுப்பிலே கொளுவி, ஒரு கையைக் கழுத்தின் கீழ் நுழைத்து நெரிப்பான். சில விநாடிகளில் ஆட்டம் முடியும். ஒரு களத்திலே உயிர் காக்கும் பழக்கம் மற்றொன்றிலே உயிர்நிலையைத் திறந்து காட்டுகின்றது. பத்து வயதிலிருந்து உடம்பிலே ஊறிய பழக்கத்தை இருபத்தைந்தாவது வயதிலே மறப்பது எளிதன்று. மூளை மறந்தாலும் முதுகு மறவாது.

காமாவின் குடும்பமே இவ்வேறுபாட்டை ஒருமுறை மிகுந்த வேதனையோடு அறிந்தது. காமாவின் தம்பி இமாம் பக்ஷின் மகன் அக்ரம், பாகிஸ்தானிலே சிறந்து விளங்கிய மல்லர். யப்பானைச் சேர்ந்த அன்ரோனியோ இனோக்கி அவ்வாண்டு யூன் மாதத்தில் டோக்கியோவிலே குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு மோதி உலகப் பேச்சானவர். 1976 டிசம்பர் 12இல் கராச்சி நகரிலே அக்ரமும் இனோக்கியும் எதிர்ப்பட்டனர். இனோக்கி அக்ரமின் ஒரு கையை இரு கைகளாலும் பற்றி, முதுகுப்புறமாக மடித்து முறுக்கினார். பெருங்கல்லின் கீழ் அலவாங்கைக் கொடுத்துத் துறைமுகத் தொழிலாளி நெம்புவதை எண்ணிக்கொள்ளுங்கள். அப்பூட்டின் இயல்பு அதுவே. கல்லின் கனம் அங்கே பயன்படாது. அக்ரம் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கை சிதைந்தது; போட்டி நிறுத்தப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மற்களத்திலே தோல்வியை அறிவிப்பவர் நடுவர். தோற்றவன் வாய் திறக்க வேண்டியதில்லை. பூட்டு முறையிலே தோற்பவனே தன் கையால் எதிரியின் உடம்பிலோ தரையிலோ தட்டி, "போதும், விட்டுவிடு" என்று சொல்ல வேண்டும். மானத்தையே பெரிதாகக் கொண்டு வளர்ந்த மல்லனுக்கு இது எத்துணைக் கடினம்! அக்ரமுக்குத் தட்டத் தெரியவில்லை என்பாருண்டு. தட்ட மனம் வரவில்லை என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

அப்பூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. யப்பானியப் போர்வீரரின் யுயுட்சு முறைகளைத் தொகுத்து ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882இல் ஜூடோவை நிறுவினார். அவருடைய மாணவர் வழியிலே மயேடா என்பவர் 1914இல் பிறேசிலுக்குச் சென்றார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தார் கற்று, தரையிலே கிடந்தபடி போர் செய்யும் கலையைத் தனியே வளர்த்தனர். 1951இல் ஜூடோ வீரர் கிமுரா, றியோ நகரிலே ஹீலியோ கிரேசியை அக்கைப்பூட்டினாலேயே வென்றார். வென்றவரின் பெயரையே பூட்டுக்கு வைத்துத் தோற்ற நாட்டார் இன்றும் வழங்குகின்றனர். நல்ல பண்பு! 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரிலே யூ.எஃப்.சி. என்ற பந்தயம் தொடங்கியபோது, ஹீலியோவின் மகன் றோய்ஸ் தம்மினும் பருத்த ஆட்களைக் கழுத்துப் பூட்டினால் அடுத்தடுத்துப் பணிய வைத்தார். எம்.எம்.ஏ. அங்கிருந்தே பெருகியது.

மல்லர் வாளாவிருந்தாரல்லர். பார்சிலோனா ஒலிம்பிக்கிலே (1992) அமெரிக்காவுக்காக இறங்கிய மார்க் கோல்மன், 1996இல் கூண்டுக்குள் வந்து, எதிரியைத் தூக்கி வீழ்த்தி, மேலே ஏறி இருந்து குத்தும் வழியைக் காட்டினார். வீழ்த்தும் வித்தையிலே மல்லனை வெல்வார் இல்லை. எனவே சில காலம் அவ்வழியே இராசபாட்டை. ஆனால் 2001இல் யப்பானிலே, கீழே கிடந்த பிறேசில் நாட்டு நொகெய்ரா தம் கால்களால் கோல்மனின் கழுத்தையும் தோளையும் முக்கோணமாகப் பின்னி, அப்படியே கையையும் பூட்டிப் பணிய வைத்தார். மேலே இருப்பவனே வெல்பவன் என்ற மல்லர் விதி அன்று வெளிப்படையாக உடைந்தது.

இவ்வளவும் நிகழ்ந்து முடிந்த உலகத்துக்குள்தான் ரிது போகாட் நுழைந்தார். 2019 நவம்பர் 16இல் பெய்ஜிங் நகரிலே, வன் சம்பியன்ஷிப் என்ற ஆசியப் பந்தய நிறுவனத்தின் அரங்கில் அவருடைய முதற் போட்டி. தென்கொரியப் பெண்ணை முதற் சுற்றிலேயே வீழ்த்தி, மேலிருந்து குத்தி முடித்தார். கோல்மன் வழி அப்படியே! அடுத்த ஆண்டு மூன்று போட்டிகள், மூன்றும் வெற்றி. 2021 மே மாதத்தில் முதல் தோல்வி. மீண்டும் எழுந்து, அவ்வாண்டு நடந்த மகளிர் சுற்றுப் போட்டியிலே சீன வீராங்கனை மெங் போவையும், பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டு ஒல்சிமையும் வென்று இறுதிப் போட்டியை அடைந்தார்.

2021 டிசம்பர் 3. அவர் முன்னே நின்றவர் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபெயார்டெக்ஸ். குத்தும் உதையுமே ஸ்டாம்ப்பின் குலதனம். அவ்விரு முறைகளிலும் பட்டம் வென்றவர். மல்லர் மகளுக்கு வழி தெளிவு: நெருங்கு, பிடி, வீழ்த்து. அவ்வாறே வீழ்த்தவும் செய்தார். இரண்டாஞ் சுற்றிலே, மேலே ரிது, கீழே ஸ்டாம்ப். மற்களமாயின் பலாலியிலே வெற்றி மேளம் கொட்டியிருக்கும். ஆனால் கீழே கிடந்தவரின் கால்கள் மேலெழுந்து பின்னின. ஒரு கை தனித்து அகப்பட்டது. முழங்கை நேராகி எதிர்ப்புறம் வளையத் தொடங்கியது. ரிது தட்டினார்.

கோல்மனுக்கு நேர்ந்தது இருபது ஆண்டுக்குப் பின் ரிதுவுக்கு நேர்ந்தது. எமது நண்பர் சிலர் அன்று மனமுடைந்து, "இந்திய மல்யுத்தம் தோற்றது" என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் உதைவீராங்கனை அவரைத் தரைப்போரிலே வென்றார் என்றால், அந்த உதைவீராங்கனை தனக்கு அந்நியமான கலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார் என்பதே பொருள். ஸ்டாம்ப் 2023இல் அவ்வெடைப் பிரிவின் எம்.எம்.ஏ. சம்பியனாகவும் ஆனார். அக்ரம் இழந்த கையை ரிது இழக்கவில்லை என்பதையும் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். தட்டியமையால் ஒரு போட்டி போயிற்று, கை போகவில்லை.

இப்பூட்டுக் கலை பாரத தேசத்துக்கு அந்நியமா? எமது மிஷன் பாடசாலையிலே வேதாகம வகுப்பில் யாக்கோபின் கதை படித்தோம். இரா முழுவதும் அவனோடு மல்லாடியவர், அவனை மேற்கொள்ள இயலாதபோது தொடைச்சந்தைத் தொட, அது சுளுக்கி அவன் நொண்டி நடந்தான் என்று வரும். மூட்டைத் தாக்கினால் வலியவனும் தளர்வான் என்பதைப் பண்டையோர் எத்திசையிலும் அறிந்திருந்தனர். எம்மவரோ மல்யுத்தத்தை நான்காகவே வகுத்துச் சொல்லும் வழக்கம் உடையர். வலிமையே முதலானது பீமசேனி. நுட்பத்தால் வெல்வது அனுமந்தி. பிடித்துப் பூட்டிப் பணிய வைப்பது ஜாம்பவந்தி. மூட்டை முறிப்பது ஜராசந்தி. பாகவதத்திலே கண்ணன் ஜாம்பவானோடு 28 நாள் பொருது, ஈற்றில் அவன் பணிந்தான் என்ற கதையை நினைத்தால், பூட்டுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பது விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் செய்த மானசோல்லாசமும் மல்லர் பயிற்சிக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கின்றது.

இந்நான்கிலே பிற்பட்ட இரண்டும், மல்யுத்தம் பதக்கத்துக்குரிய விளையாட்டாகச் செப்பமடைந்தபோது உதிர்ந்து போயின. உதிர்ந்ததில் தவறில்லை. பத்து வயதுச் சிறுமிகள் பயிலும் களத்திலே மூட்டு முறிப்புக்கு இடமிருத்தல் ஆகாது. ஆனால் ரிது கூண்டுக்குக் கொண்டு சென்றது பாதிக் கலையையே. மறுபாதியை அவர் சிங்கப்பூரிலே, வளர்ந்தபின், கூலி ஆசிரியரிடம் கற்க வேண்டியதாயிற்று.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யப்பானியக் கலை முழுவதும் எமது பிக்குகளும் முனிவர்களும் கொண்டு சென்றதே என்று மேடைகளிலே முழங்குவோர் உண்டு. சான்று கேட்டால் புன்னகை செய்வர். முழங்கை எல்லா நாட்டிலும் ஒரு பக்கமே மடியும். அதைக் கண்டறிய எவரும் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மல்லருக்குக் கூண்டிலே வெற்றியே இல்லை என்றும் எவரும் எண்ணற்க. கனடாவிலே பிறந்த பஞ்சாபியர் அர்ஜன் சிங் புல்லர், 2010 டில்லிப் பொதுநலவாய விளையாட்டிலே தங்கமும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலே இடமும் பெற்ற மல்லர். 2021 மே 15இல் அதே வன் நிறுவனத்தின் கனவெடைப் பட்டத்தை வென்றார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் அவ்வளவு பெரிய எம்.எம்.ஏ. பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. அவர் குத்துவதற்கு நன்றாகக் கற்றிருந்தார். தரையிலே நீண்ட நேரம் கிடந்து பூட்டை விளையாட்டாக்கும் எதிரி அன்று அவருக்கு வாய்க்கவில்லை என்பதும் உண்மை. 2023இல் றஷ்ய மல்லர் மாலிகினிடம் பட்டத்தை இழந்தார்.

ரிதுவின் பிற்கதை சுருக்கம். 2022 செப்டெம்பரில் சிங்கப்பூர் வீராங்கனை டிஃபனி டியோ அவரைக் கழுத்துப் பூட்டினால் பணிய வைத்தார், அதுவும் முதுகுப்புறமாக. பின்னர் தாயாகி, குழந்தையைப் பெற்று, 2025 பெப்ரவரியிலே கட்டார் நாட்டில் மீண்டும் களமிறங்கினார். எதிரி யப்பானின் ஜூடோ வழி வந்த அயாக்கா மியுரா. மீண்டும் பூட்டு, மீண்டும் தோல்வி.

அப்போட்டி வரை கணக்கிட்டால் 11 போட்டிகள், 7 வெற்றிகள், 4 தோல்விகள். ஏழு வெற்றிகளிலே மூன்று, மேலிருந்து குத்தி முடித்தவை. நான்கு, நடுவர் தீர்ப்பால் வந்தவை. பூட்டினால் வந்தது ஒன்றுகூட இல்லை. நான்கு தோல்விகளிலே மூன்று பூட்டினால் வந்தவை. எஞ்சிய ஒன்று 2021 மே மாதத்தில் வியட்நாம் வழி வந்த அமெரிக்கப் பெண் பீ நுவென்னோடு நடந்தது. அங்கே நடுவர் மூவருள் இருவர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு சரியா என்பதிலே எமது மன்றத்து இளைஞர் இன்னும் இரு கட்சியாகவே இருக்கின்றனர்.